ஆட்டக் கூலி

கணினியிலும் கைப்பேசியிலும் போட்டிக்கு கேம் விளையாடி அதையே பிழைப்பாகக் கொள்ளும் தொழிலில் பணம் ஒரே வழியாக வருவதில்லை. போட்டியில் வென்றவருக்குப் பரிசு கிடைக்கிறது. பெரிய அணியில் இடம் பிடித்தவருக்கு மாதச் சம்பளம் கிடைக்கிறது. தாம் ஆடுவதை நேரலையாகக் காட்டுபவருக்கு விளம்பரப் பங்கும், பார்ப்பவர்கள் அனுப்பும் அன்பளிப்பும் சேர்கின்றன. வர்ணனை, பயிற்சி, போட்டி நடத்துதல் ஆகியவற்றிலும் வருமானம் உண்டு. அடிமட்டத்தில் இன்னும் சில வழிகள் இருக்கின்றன: பிறருடைய கணக்கில் புகுந்து விளையாடித் தரவரிசையை ஏற்றிக் கொடுப்பது, நன்றாக வளர்த்த ஐடியை விற்பது, கேமுக்குள் துப்பாக்கிக்கும் கத்திக்கும் பூசும் வண்ணத் தோல்களை (‘ஸ்கின்’) வாங்கி விற்பது. எல்லாவற்றுக்கும் இ-ஸ்போர்ட்ஸ் என்று ஒரே பெயர் வழங்கினாலும், இது முறையான பிழைப்புத்தானா என்று அறநூல்களைக் கேட்டால் ஒவ்வொரு வழிக்கும் வெவ்வேறு விடை வருகிறது.

இத்தொழிலின் உச்சிக்கும் அடிக்கும் உள்ள தூரம் பெரியது. டோட்டா 2 விளையாட்டின் ‘தி இன்டர்நேஷனல்’ போட்டி 2021 இல் புக்கரெஸ்ட் நகரில் நடந்தபோது மொத்தப் பரிசு 4 கோடி டொலர். வென்ற டீம் ஸ்பிரிட் அணி அதில் 1 கோடி 80 இலட்சம் டொலருக்கு மேல் பெற்றது. அதே 2021 இல்தான் இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நெடுநாள் இழுபறிக்குப் பின் 1,000 ரூபாய் ஆனது. 2024 இல் 1,350 ஆயிற்று. பலாங்கொடையைச் சுற்றிய பெட்டியாகலை, ராசகலை போன்ற தோட்டங்களின் லயங்களுக்குள் 2020, 2021 பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழி வகுப்புக்காக ஸ்மார்ட்போன் வந்தது. வகுப்பு முடிந்த பிறகும் போன் வீட்டிலேயே இருந்தது. பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் அதனுள் இருந்தன. கொழுந்து மலைக்குப் போகாமல் இதில் சம்பாதிக்கலாம் என்று பிள்ளை சொல்லும்போது பெற்றோருக்கு எழும் முதல் கேள்வி பணத்தைப் பற்றியதாகத் தோன்றும். அதன் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. விளையாடியதற்குக் கூலி வாங்கலாமா?

இக்கேள்வி பலாங்கொடையில் மூன்று மரபுகளின் காதில் விழுகிறது. ஊரைச் சுற்றிய சிங்களக் கிராமங்கள் தேரவாத பௌத்தத்தைச் சேர்ந்தவை. அபிதம்மத்தில் வல்லவராக அறியப்பட்ட பலாங்கொடை ஆனந்த மைத்திரேய தேரர் 1896 இல் இப்பகுதியில் பிறந்து 1998 இல் மறைந்தார். தோட்டங்களில் மாரியம்மனும் முருகனும் முனியாண்டியும் கோயில் கொண்டிருக்கிறார்கள். கல்தொட்டை வீதியில் உள்ள கூரகலையில் பௌத்தத் தலமும், முஸ்லிம்கள் தப்தர் ஜெய்லானி என அழைக்கும் குகைப் பள்ளியும் ஒரே பாறையைப் பகிர்கின்றன. கேமைப் பற்றி நேரடியாகப் பேசிய பழைய நூல் எதுவும் இருக்க முடியாது. ஆனால் சூது, கூத்து, போர், வணிகம், கூலி ஆகியவற்றைப் பற்றி மூன்று மரபுகளும் நிறையவே பேசியிருக்கின்றன. கேம் பிழைப்பு இவை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கட்டிய தொழில்.

விளையாட்டு உழைப்பாகுமா என்பதே முதல் தடை. டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹய்சிங்கா 1938 இல் வெளியிட்ட ‘ஹோமோ லூடென்ஸ்’ நூலில் விளையாட்டைப் பொருளாதாயம் இல்லாத, தன்னிச்சையான செயலாக வரையறுத்தார். அப்படியானால் சம்பளத்துக்கு ஆடுபவர் விளையாடவே இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து எழுதிய பிரெஞ்சு அறிஞர் ரோஜே கய்வா அதையே சற்று மாற்றிச் சொன்னார்: தொழில்முறை ஆட்டக்காரர் தொழிலாளி; விளையாட வேண்டுமென்றால் அவர் வேறொரு ஆட்டத்தைத் தேடிக்கொள்வார். பண்டைய நூல்களில் ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ள சூதாடியின் பாடல் இன்னும் கறாரானது. தாயக்கட்டையால் மனைவியையும் மானத்தையும் இழந்தவன் புலம்பும் அப்பாடல் கடைசியில் அவனை ஏர் பிடிக்கச் சொல்கிறது. உழைப்பு மண்ணில் இருக்கிறது, ஆட்டம் காற்றில் இருக்கிறது என்ற இந்தப் பார்வை இன்னும் உயிரோடு இருக்கிறது. தோட்டத்தில் அது இன்னும் வலுவாக இருக்கக் காரணம் உண்டு. அங்கே உழைப்பு நிறுத்துப் பார்க்கப்படும் பொருள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும்.

நாட்டார் சமயம் இவ்விடத்தில் நூல்களைவிட நெகிழ்ச்சியானது. மலையகத் தமிழர் தேயிலைத் தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்துக்கு ரோதைமுனி என்ற தெய்வத்தையும், செடி வெட்டும் வேலைக்குக் கவ்வாத்துச் சாமியையும் கண்டெடுத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டபோது இத்தெய்வங்கள் கூட வரவில்லை. வேலை பிறந்த இடத்தில் பிறந்தவை. அரிவாள், கவ்வாத்துக் கத்தி, லொறி என்று கையில் பிழைப்புத் தரும் எதற்கும் ஆயுத பூசையில் சந்தனம் வைக்கப்படுகிறது. இந்த வழக்கின்படி, பிழைப்புத் தரும் கைப்பேசிக்கும் பொட்டு வைக்கத் தடையில்லை. ஆனால் பொட்டு வைப்பதற்கு முன் அது பிழைப்புத் தர வேண்டும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஒரே வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பழகி, எதிராளி எந்தச் சுவருக்குப் பின்னால் வருவான் என்று மனப்பாடம் செய்பவரின் வேலையை உழைப்பல்ல என்று தள்ளுவது கடினம். உழைப்பா என்ற கேள்வி எளிதில் முடிந்துவிடுகிறது. எப்படிப்பட்ட உழைப்பு, யாருடைய பணம் என்பவை அவ்வளவு எளிதில் முடிவதில்லை.

பணம் யாருடையது என்ற கேள்வியில்தான் சூது நுழைகிறது. திருக்குறள் பொருட்பாலில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்குகிறது. அதன் வாதத்தில் கவனிக்க வேண்டியது, தோல்வியைவிட வெற்றியையே வள்ளுவர் ஆபத்தாகக் காண்பது. வென்ற பணம் தூண்டிலில் இருக்கும் இரை. ஒன்றைப் பெற்றவன் அந்த ருசியில் நூறை இழப்பான். பௌத்தத்தின் தீக நிகாயத்தில் உள்ள சிகாலோவாத சுத்தம் (சூத்திரம்) சூதின் ஆறு தீங்குகளைக் கூறும்போது சமூகத்தின் பக்கமிருந்து பார்க்கிறது. வென்றவன் பகையைச் சம்பாதிக்கிறான், தோற்றவன் பொருளை நினைத்து அழுகிறான், கைப்பொருள் கரைகிறது, சபையில் அவன் சொல் எடுபடாது, நண்பர்கள் மதிக்கமாட்டார்கள், பெண் கொடுக்க யாரும் முன்வரமாட்டார்கள். கடைசித் தீங்கு தோட்டத்திலும் கிராமத்திலும் இன்றும் மற்ற ஐந்தையும்விடக் கனமானது.

ஆனால் பரிசு வெல்வதெல்லாம் சூதா? இக்கேள்வியை மிக நுட்பமாக அலசியவர்கள் இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள். குர்ஆன் ஐந்தாம் அத்தியாயத்தில் மைசிர் எனும் சூதை மதுவோடு சேர்த்து விலக்குகிறது. அதே வேளை, குதிரைப் பந்தயம், ஒட்டகப் பந்தயம், அம்பெய்தல் ஆகிய மூன்றிலும் பரிசுக்கு இடமளிக்கும் நபிமொழி ஒன்று உண்டு. இரண்டையும் இணைக்க முயன்ற சட்ட அறிஞர்கள் பரிசை யார் கொடுக்கிறார் என்று பார்த்தார்கள். ஆட்சியாளரோ வெளியாளோ கொடுத்தால் கூடும். போட்டியாளர் இருவரில் ஒருவர் மட்டும் பணம் வைத்தாலும் கூடும்: அவர் தோற்றால் மற்றவருக்குப் போகும், வென்றால் தம் பணம் தம்மிடமே இருக்கும். இருவரும் பணம் வைத்து, வென்றவர் இரண்டையும் அள்ளினால் அது சூது. இங்கே பெரும்பாலோர் ஒரு வழியைத் திறந்து வைத்தார்கள். காசு எதுவும் வைக்காத மூன்றாம் போட்டியாளர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் ஆட்டம் கூடும். அவரும் பேருக்கு வந்தவராக இருக்கக்கூடாது, வெல்லக்கூடியவராக இருக்க வேண்டும். 14 ஆம் நூற்றாண்டில் இப்னுல் கையிம் குதிரையேற்றம் பற்றித் தனி நூலே எழுதி, இந்த மூன்றாம் ஆள் நிபந்தனை தேவையில்லை என்று வாதிட்டார். சர்ச்சை முடியவில்லை. முடியாமலிருப்பதே நல்லது என்றுகூடச் சொல்லலாம், ஏனெனில் அது சரியான இடத்தில் விரல் வைத்திருக்கிறது.

இந்த அளவுகோலைக் கேம் போட்டிகளின் மேல் வைத்தால் சில தெளிவாகின்றன. ஒரு தொலைபேசி நிறுவனம் அனுசரணை வழங்கி, நுழைவுக் கட்டணமின்றி நடத்தும் போட்டியின் பரிசில் குற்றம் காண இடமில்லை. ‘தி இன்டர்நேஷனல்’ பரிசும் அப்படித்தான்: அந்த 4 கோடி டொலரின் பெரும்பகுதி ரசிகர்கள் விளையாட்டுக்குள் வாங்கிய பொருட்களின் விலையில் நூற்றுக்கு 25 வீதம். ஆட்டக்காரர் எவரும் பந்தயம் வைக்கவில்லை. மாறாக, எட்டுப் பேர் தலைக்கு 500 ரூபாய் போட்டு, வென்றவர் 4,000 ரூபாயையும் எடுத்துக்கொள்ளும் சிறு அறை ஆட்டம், எவ்வளவு திறமை இருந்தாலும், அந்த அறிஞர்களின் கணக்கில் சூதுதான். உச்சத்தில் இருக்கும் பெரும்பணம் தூய்மையாகவும், அடியில் இருக்கும் சில்லறை கறைபட்டதாகவும் நிற்கும் இந்த விளைவு சங்கடமானது. ஆனால் தவறானதாகத் தோன்றவில்லை, ஏனெனில் சில்லறை ஆட்டத்தில் தோற்ற ஏழு பேரின் வீட்டுக் காசுதான் வென்றவரின் வருமானம்.

நவீனச் சட்டம் வேறு வழியில் போய், கடைசியில் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இந்திய நீதிமன்றங்கள் நெடுங்காலம் திறமையா அதிர்ஷ்டமா என்றே கேட்டுவந்தன. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968 இல் கூறியது. அதன் வழியில், இணையவழிச் சூதைத் தடுக்கத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஓகஸ்டில் இரத்துச் செய்தது. அடுத்த சட்டத்திலிருந்தும் 2023 நவம்பரில் ரம்மியையும் போக்கரையும் விலக்கியது. 2025 ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் இக்கேள்வியையே ஒதுக்கிவிட்டது. பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டம் திறமையோ அதிர்ஷ்டமோ தடை. இ-ஸ்போர்ட்ஸ் சட்டபூர்வமான போட்டி. அதில் வாங்கும் கட்டணம் நுழைவுக்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டுமே, பந்தயம் கூடாது. குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் பேசிய அறிஞர்களுக்கு இப்பிரிவு புதிதாகத் தோன்றியிருக்காது.

திறமை என்ற வாதம் பழங்கதையிலேயே தோற்றுப்போனது. நளன் தாயத்தில் நாட்டை இழந்தான். பின்பு இருதுபன்ன மன்னனிடம் குதிரை நூலைக் கொடுத்து, அதற்கு மாற்றாகத் தாயத்தின் கணித நூலைக் கற்றுத் தன் நாட்டை மீட்டான். தாயத்திலும் திறமை உண்டு என்று கதையே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்தத் திறமையைத் தொழிலாக்கிக்கொள் என்று எந்தக் கதைசொல்லியும் நளனிடம் சொல்லவில்லை. கோயில் கதைகளில் கடவுளே ஆடுகிறார் என்று சிலர் எதிர்வாதம் வைப்பதுண்டு. திருவாரூர் மாவட்டத்துப் பூவனூரில் அம்மையைச் சதுரங்கத்தில் வென்று மணந்த ஈசனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்றே பெயர். இக்கதை விளையாட்டுக்குப் பெருமை சேர்க்கிறது. ஆட்டத்தால் அடுப்பெரிப்பவருக்கு எதுவும் சொல்வதில்லை. ஈசனுக்கு வாடகை கட்டும் தேவை இல்லை.

அதிர்ஷ்டத்தை நம்பிப் பிழைப்பதே இழிவு என்று யாரேனும் சொன்னால், பலாங்கொடை அடங்கிய இரத்தினபுரி மாவட்டம் அதை ஏற்காது. இம்மாவட்டத்தின் புகழே மாணிக்கக் குழிகளால் வந்தது. குழி வெட்டுபவர்களில் பலர் நாட்கூலிக்கு வேலை செய்வதில்லை. சாப்பாடும் கைச்செலவும் கிடைக்கும். கல் கிடைத்தால் நில உரிமையாளர், அனுமதிப்பத்திரக்காரர், நீர் இறைக்கும் இயந்திரம் கொடுத்தவர், குழியில் இறங்கியவர்கள் என்று பங்கு பிரியும். சப்ரகமுவையின் காவல் தெய்வமான சமன் தெய்வத்துக்கு வேண்டுதல் வைத்து, நல்ல நேரம் பார்த்துத்தான் குழி தொடங்கும். மாதக்கணக்கில் சரளை மண்ணை அலசி ஒன்றும் கிடைக்காமல் போவதும் உண்டு. இதை எவரும் சூது என்பதில்லை. காரணம், ஒருவர் கல் கண்டால் பக்கத்துக் குழிக்காரர் எதையும் இழப்பதில்லை; கிடைக்காத நாட்களின் நட்டத்தைப் பங்காளிகள் சேர்ந்து சுமக்கிறார்கள். கேம் பிழைப்பை நியாயப்படுத்த விரும்புபவருக்குக் கிரிக்கெட்டைவிட மாணிக்கக் குழியே நெருங்கிய உவமை. ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. போட்டி கேமில் எவருடைய வெற்றியும் இன்னொருவரின் தோல்வியால் ஆனது. கல் எவரையும் தோற்கடித்துக்கொண்டு வெளியே வருவதில்லை.

அடுத்து கொலை. பப்ஜியிலும் கவுண்டர்-ஸ்டிரைக்கிலும் வெல்வது சுட்டு வீழ்த்துவதால். பௌத்தம் விலக்கும் ஐந்து வணிகங்களில் முதலாவது ஆயுத வணிகம். உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகியவை மற்றவை. சங்யுத்த நிகாயத்தில் ஒரு கூலிப்படை வீரர் தம் தொழிலைப் பற்றிக் கேட்கிறார். எதிரி சாக வேண்டும் என்ற எண்ணத்தோடு பாடுபட்டு மடிபவருக்கு நல்ல கதி இல்லை என்பதே அவருக்குக் கிடைக்கும் விடை. இதைக் கேமுக்குப் பொருத்துவதற்கு முன், ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் உரை எழுதிய புத்தகோசர் மரபைப் பார்க்க வேண்டும். கொலை கொலையாவதற்கு ஐந்து கூறுகள் வேண்டும்: உயிருள்ள ஒன்று, அது உயிருள்ளது என்ற அறிவு, கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் நேரும் சாவு. திரையில் உயிரும் இல்லை, சாவும் இல்லை. உயிருள்ளது என்ற அறிவும் இல்லை. ஆகவே கொல்லாமை என்ற முதல் சீலம் மீறப்படவில்லை. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்த தோமஸ் பாக் 2018 இல் கொலை விளையாட்டுகள் ஒலிம்பிக் விழுமியங்களுக்கு முரணானவை என்றார். அபிதம்மம் படித்தவர் அவரைவிட மெதுவாகவே தீர்ப்புச் சொல்வார்.

மெதுவாக என்றால் விடுதலை என்று பொருளில்லை. எண்ணமே கருமம் என்று கொள்ளும் மரபில் உள்ளத்தில் என்ன நடக்கிறது என்பதே வழக்கு. இங்கே போட்டி ஆட்டம் எதிர்பாராத சாட்சி சொல்கிறது. கோபத்தில் நிதானமிழந்து தப்புத்தப்பாக ஆடுவதை ஆட்டக்காரர்கள் ‘டில்ட்’ என்பார்கள். டில்ட் ஆனவர் தோற்பார். ஆகவே உயர்மட்டத்தில் ஆடுபவர் பகையை உள்ளே வளர்க்க முடியாது. எதிராளியை வெறுப்பதற்கு அவருக்கு நேரமில்லை. பொழுதுபோக்காக ஆடுபவரிடமும் கத்திக்கொண்டு பார்ப்பவரிடமும் வெறுப்பு அதிகமாகவும், தொழிலாகக் கொண்டவரிடம் குறைவாகவும் இருப்பது வேடிக்கைதான். ஆனால் இந்தக் குவிந்த மனத்தைத் தியானத்தோடு ஒப்பிட்டுப் புகழ்வது வேறு தவறு. மனவொருமை தீய சித்தத்திலும் இருக்கும் என்று அபிதம்மம் தெளிவாகவே வகுத்திருக்கிறது. மானைக் குறிவைக்கும் வேட்டைக்காரனுக்கும் மனம் சிதறுவதில்லை. ஒருமை எதற்குப் பணிவிடை செய்கிறது என்பதே நல்லதையும் அல்லதையும் பிரிக்கிறது.

நேரலையில் ஆடிப் பணம் சேர்ப்பவருக்கு மிக நெருங்கிய பழைய வழக்கு தாலபுடருடையது. இராசகிருகத்தில் ஒரு கூத்துக் குழுவின் தலைவரான அவர், மேடையில் மெய்யும் பொய்யும் கலந்து மக்களைச் சிரிக்கவைக்கும் கூத்தர் சிரிக்கும் தேவர்களிடையே பிறப்பார் என்று தம் குருமரபு சொல்வது சரியா என்று புத்தரிடம் கேட்டார். புத்தர் இரண்டு முறை கேட்க வேண்டாம் என்றார். மூன்றாம் முறை விடை சொன்னார்: ஆசையும் வெறுப்பும் மயக்கமும் ஏற்கெனவே உள்ள மக்களிடம் அவற்றை மேலும் கிளறுபவர், தாமும் மயங்கிப் பிறரையும் மயக்கியவராகச் சிரிப்பின் நரகத்தில் விழுவார். தாலபுடர் அழுதார். நரகத்துக்கு அஞ்சி அழவில்லை. நெடுங்காலம் குருமார் தம்மை ஏமாற்றியதற்காக அழுதார். பின்பு துறவியாகி அரகந்தரானார்; அவருடைய நீண்ட பாடல் தேரகாதையில் இருக்கிறது.

தாலபுடர் வரும் இச்சுத்தத்தைக் கலைக்கே எதிரான தீர்ப்பாகப் படித்தால் இலங்கைப் பௌத்தத்தின் வரலாறு பொய்யாகிவிடும். தேவாலயப் பெரகர ஊர்வலத்தில் ஆடுபவர்களும் மேளம் அடிப்பவர்களும் தலைமுறை தலைமுறையாக அச்சேவைக்காக நிலம் பெற்று வாழ்ந்தவர்கள். மலையகத்தில் மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கிறது. மன்மதன், ரதி வேடம் கட்டுவோரில் பலர் நேர்த்திக்கடனுக்காகக் கட்டுகிறார்கள். கூத்துக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு, காமன் எரிந்ததும் ஊர் வேலைக்குத் திரும்பும். புத்தர் கண்டித்தது கிளறிவிடுவதை. அதை இன்றைய நேரலையின் பொருளாதாரத்தோடு வைத்துப் பார்க்கலாம். யூடியூபில் நீண்ட காணொளிகளாலும் நேரலையாலும் விளம்பர வருமானம் தொடங்குவதற்கு 1,000 சந்தாதாரரும், பன்னிரண்டு மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதற்குப் பிறகும் வருமானம், பார்ப்பவர் எழுந்து போகாமலிருப்பதைப் பொறுத்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டிகளைக் காசு கொடுத்துத் திறந்து காட்டி, அரிய தோல் விழும்போது கூச்சலிடும் காணொளிகளும் உண்டு. அவற்றைப் பார்ப்போரில் பலர் சிறுவர்கள். நன்றாக ஆடிக் காட்டி, எப்படி ஆடினோம் என்று விளக்குபவரைச் சுத்தத்தின் கண்டனம் தொடாது. பெட்டி திறப்பவரைத் தொடும். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைநிலையைச் சேர்த்திருப்பதை நினைத்தால், மயக்குதல் என்பதை வெறும் உருவகமாகத் தள்ளிவிட முடியாது.

ஏமாற்று வழிகளைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. பிறர் கணக்கில் ஆடித் தரவரிசையை ஏற்றிக் கொடுப்பது, அந்த வரிசையில் நேர்மையாக நிற்பவர் எல்லோரிடமும் சொல்லும் பொய். பணம் வாங்கித் தோற்பதும் அப்படியே. தென் கொரியாவில் 2010 இல் வெளிவந்த ஸ்டார்கிராப்ட் ஆட்ட நிர்ணய வழக்கில் அந்நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரே வாழ்நாள் தடை பெற்றார். மூன்று மரபுகளிலும் இதற்கு விலக்கு கிடையாது.

பழைய நூல்களுக்குத் தெரியாத கேள்வி ஒன்று மீதமிருக்கிறது. ஆடுகளம் யாருடையது? கால்பந்துக்கு உரிமையாளர் இல்லை. சதுரங்கத்தை எவரும் பூட்டிவைக்க முடியாது. ஒரு கேம் முழுவதும் ஒரு நிறுவனத்தின் சொத்து. அதன் விதி, துப்பாக்கியின் வலு, போட்டி நடத்தும் அனுமதி, ஆட்டக்காரரின் கணக்கு எல்லாம் நிறுவனத்தின் கையில். டோட்டா 2 விளையாட்டின் உரிமையாளரான வால்வ் நிறுவனம் 2023 இல் பரிசுக்குப் பணம் சேர்க்கும் முறையை மாற்றியதும், 2021 இல் 4 கோடியாக இருந்து ஏற்கெனவே குறைந்திருந்த ‘தி இன்டர்நேஷனல்’ பரிசு ஏறக்குறைய 30 இலட்சம் டொலருக்கு இறங்கியது. அரசும் களத்தை மூடலாம்: இந்தியா 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலையும் 2022 பெப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் தடை செய்தபோது, அவற்றில் பிழைத்தவர்களின் பல ஆண்டுத் திறமை ஓர் அறிவிப்பில் களமிழந்து நின்றது. உழவன் நிலத்தை இழந்தாலும் உழவைக் கொண்டு வேறு நிலத்துக்குப் போகலாம். கேமில் நிலமும் உழவும் ஒன்றாகவே போய்விடுகின்றன.

அடுத்தவர் நிலத்தில் அடுத்தவர் விதிக்குப் பிழைப்பது எப்படி என்பதைத் தோட்ட வரலாறு நன்றாக அறியும். வீடு தோட்டத்துடையது, வேலை தோட்டத்துடையது. வேலையை விட்டால் லயமும் போகும். நிலச் சீர்திருத்தம் 1972, 1975 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களை அரசுக்குக் கொடுத்தது. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. லயத்தில் இருந்தவருக்கு ஏழு பேர்ச் காணி இன்னும் கோரிக்கையாகவே பெரும்பாலும் நிற்கிறது. ஆட்டக்காரர்களின் ஒப்பந்தத்துக்கும் இங்கே ஒரு பழைய முன்னோடி உண்டு. ஆள் திரட்டி வேலை வாங்கிய கங்காணிகளின் முறையில் தொழிலாளியின் தலையில் முன்பணக் கடன் இருந்தது. அவர் வேறு தோட்டம் போக வேண்டுமென்றால், கடனைத் தீர்த்தால் விடுவிக்கலாம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் ஆளோடு கூடவே போகும். 1921 இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அணி மாறும் ஆட்டக்காரரை விடுவிக்க இன்னோர் அணி பணம் கட்டும் நடைமுறைக்கு வேறு பெயர், வேறு மரியாதை. புகழ்பெற்றவருக்கு அது ஏற்றம்தான். பதினேழு வயதில் படிக்காமல் கையெழுத்திட்டவருக்கு அது வேறு மாதிரி. ஒப்பந்தம் விருப்பத்தோடு செய்யப்பட்டது என்ற பதில் கங்காணி காலத்திலும் சொல்லப்பட்டதுதான்.

காலமும் ஒரு கேள்வி. ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் 2023 இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் தங்கம் வென்ற கொரியர் கிம் குவான்-வூவுக்கு வயது 44. இது செய்தியானதே அபூர்வம் என்பதால். பெரும்பாலான கேம்களில் இருபதுகளின் நடுவிலேயே கை வேகம் அடுத்த தலைமுறையிடம் தோற்கத் தொடங்கிவிடுகிறது. சிகாலோவாத சுத்தம் இல்லறத்தாருக்கு வருமானத்தை நான்காகப் பிரிக்கச் சொல்கிறது: ஒரு பங்கு துய்க்க, இரண்டு பங்கு தொழிலில் போட, நான்காவது ஆபத்துக் காலத்துக்கு. தோட்டத் தொழிலாளிக்கு இந்த நான்காம் பங்கைச் சட்டமே ஒதுக்கி வைக்கிறது. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8 வீதமும் தோட்டம் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் இன்னும் 3 வீதம் செலுத்தும். சம்பளத்துக்கு ஆடும் ஆட்டக்காரரை ஊழியராகப் பதிவு செய்தால் இதே சட்டம் அவருக்கும் பொருந்தும். பரிசுப் பணத்துக்கும் நேரலை அன்பளிப்புக்கும் பொருந்தாது. அங்கே நான்காம் பங்கை ஆடுபவரே எடுத்துவைக்க வேண்டும், பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்குள்.